நொய்யலுக்கு ஒரு நியாயம், நுரையீரலுக்கு ஒரு நியாயமா?

திருப்பூரில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் முப்பது படுக்கை கொண்ட சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிறார். பெயரும் தெருவும் இங்கே வேண்டாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊருக்குப் போனவன், அவரையும் எட்டிப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணி. கூட்டம் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. அந்த ஊரில் அப்படித்தான். பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் முடிந்து ஆள் வெளியே வருகிற நேரம் அது. அதற்கு முன்னால் நோயாளியாக இருக்க யாருக்கும் நேரமில்லை.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். வராத பாக்கிக் கணக்கு.

“பாருங்க சார். பாதி பில்லு கட்டறாங்க. மீதிய நாளைக்குக் கொண்டு வர்றேன்னு சொல்லிட்டு ராத்திரியோட ராத்திரியா பெட்டைக் காலி பண்ணிடறாங்க. நான் ஆஸ்பத்திரி நடத்தறனா, சத்திரம் நடத்தறனா?”

“அப்ப நஷ்டத்தை எப்படிச் சமாளிக்கறீங்க?”

“எப்படி? இல்லாதவன் விட்டுட்டுப் போனத இருக்கறவன் பில்லுல ஏத்த வேண்டியதுதான்.”

ஒளிவு மறைவு இல்லாத மனிதர். நோட்டைப் புரட்டினேன். ஒரே பெண்ணின் பெயர் ஒரு வருடத்துக்குள் மூன்று இடத்தில் இருந்தது. விசாரித்தேன். செக்கிங் வேலை பார்க்கிறவர். முதல் தடவை விடாத இருமல், காய்ச்சல். டி.பி. என்று தெரிந்தது. அரசு தரும் இலவச மாத்திரைக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது மாதமே மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுபடி வந்து சேர்ந்தார். மறுபடி நிறுத்தினார். மூன்றாம் தடவை இருமலில் ரத்தம்.

“ஏம்மா நிறுத்தின?” என்று நர்ஸ் கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதிலை டாக்டர் அப்படியே சொல்லிக் காட்டினார்: “மாத்திரை போட்டா குமட்டுதுங்க. குமட்டுனா நின்னு வேலை பார்க்க முடியறதில்லைங்க. நிக்காட்டி சனிக்கிழமை சம்பளம் இல்லைங்க.”

“எந்தக் கம்பெனியில வேலை?” என்றேன்.

டாக்டர் யோசித்தார். “அத கேக்கலையே.”

கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்த்தோம். பெயர், வயது, புருஷன் பெயர், செல் நம்பர் எல்லாம் இருந்தன. தொழில் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை. கூலி.

*

இந்தக் கட்டுரை அந்த ஒரு வார்த்தையைப் பற்றியது.

டி.பி. கிருமியால் வருகிறது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கிருமி நம்மில் ஏராளமானவர்கள் உடம்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்து உட்காருவது பெரும்பாலும் உடம்பு ஓய்ந்துபோன இடத்தில்தான். ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பங்களுக்குக் கூடுதலாக அரிசி, பருப்பு என்று சத்தான உணவு கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. அந்த வீடுகளில் புதிதாக டி.பி. வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சாப்பாடு செய்த வேலை அது.

இன்னொரு பழைய ஆராய்ச்சி நம்ம சென்னையில் 1956-ல் தொடங்கியது. டி.பி. என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம். பாதிப் பேரை சானடோரியத்தில் வைத்தார்கள். மீதிப் பேருக்கு நெரிசலான வீட்டில் இருந்தபடியே மருந்து. இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானது. உலகமே டி.பி. வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. “பார்த்தீர்களா, ஏழை வீட்டில் இருந்தாலும் குணமாகிறதே” என்று யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வரலாம். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். சாப்பிடுகிறாரா என்று பார்க்க ஆள் போக வேண்டும்.

திருப்பூர் அந்த நிபந்தனையில்தான் இடறுகிறது. பன்னிரண்டு மணி நேரம் வேலை. ஆர்டர் அனுப்ப வேண்டிய வாரம் என்றால் முழு நைட்டும் சேர்த்து. லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர். வாரச் சம்பளம். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சோறு குறையும். மாத்திரை இலவசம்தான். அதை வாங்கப் போகிற அரை நாளுக்கு விலை உண்டு. டி.பி. நோயாளிக்கு அரசாங்கம் சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் போகிற சம்பளத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆக, டாக்டர் நோயைப் பார்க்கிறார். மருந்து எழுதுகிறார். எங்கே நோய் வந்ததோ அதே அறைக்கும் அதே ஷிஃப்டுக்கும் திருப்பி அனுப்புகிறார். அவள் திரும்பி வருகிறாள். பாக்கி நோட்டில் இன்னொரு வரி ஏறுகிறது. பிறகு டாக்டருக்குக் கோபம் வருகிறது, அவள் மேல்!

அந்தப் பாக்கி அவளுடையது அல்ல என்கிறேன் நான். சம்பளக் கணக்கில் யாரோ எழுதாமல் விட்ட செலவு அது. அங்கே எழுதாததால் ஆஸ்பத்திரி நோட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

*

திருப்பூர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. இதே நாடகத்தை அவர்கள் ஒரு தடவை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். அப்போது மேடை நொய்யல் ஆறு.

துணிக்குச் சாயம் போட்டார்கள். கழிவுத் தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். சுத்திகரிக்கிற செலவு மிச்சம். பனியன் விலை மலிவு. பையருக்கு சந்தோஷம். ஆனால் அந்தச் செலவு எங்கேயும் காணாமல் போய்விடவில்லை. ஆற்றோடு கீழே போனது. விவசாயத்துக்கென்று 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியானது. கிணறும் காடும் கெட்டு, யாரோ ஒரு விவசாயி அந்தச் செலவைத் தன் நிலத்தால் கட்டினார்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். வருடக்கணக்கில் இழுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாதவர்கள் மட்டும் ஓட்டலாம். அன்றைக்கு எழுந்த கூக்குரல் நினைவிருக்கிறதா? தொழிலே அழிந்துவிடும், ஆர்டர் எல்லாம் பங்களாதேஷுக்குப் போய்விடும், லட்சக்கணக்கான பேர் தெருவுக்கு வருவார்கள். கஷ்டம் வந்தது உண்மை. பட்டறைகள் மூடி, பலர் வேலை இழந்ததும் உண்மை. அரசாங்கம் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையங்களைச் சரி செய்தார்கள்.

இன்றைக்கு என்ன நிலைமை? நொய்யல் பரிசுத்தமாகிவிட்டது என்று நான் சர்டிபிகேட் கொடுக்கவில்லை. ஆனால் தொழில் அழியவில்லை. 2024-25-ல் திருப்பூரின் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துகிறோம் என்பதையே வெளிநாட்டு பையர்களிடம் பெருமையாகச் சொல்லி ஆர்டர் கேட்கிறார்கள். நியாயந்தான். பெருமைப்பட வேண்டிய காரியந்தான்.

அழுக்கு பண்ணியவர் சுத்தம் பண்ண வேண்டும் என்பது ஆற்றுக்குப் பொருந்துமானால், ஆளுக்கு ஏன் பொருந்தாது?

*

பொருந்தும் என்று இந்த நாடு 1948-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பெயர் ஈ.எஸ்.ஐ.

சம்பளப் பட்டியலில் ‘பிடித்தம்’ என்று வருகிற அந்த மூன்றெழுத்து எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம். முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் தொழிலாளி கட்டுவது 90 ரூபாய். முதலாளி கட்டுவது 390 ரூபாய். மொத்தம் 480.

அதற்கு என்ன கிடைக்கும்? குடும்பத்துக்கே வைத்தியம். உடம்பு சரியில்லாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். டி.பி., புற்றுநோய் மாதிரி 34 நீண்டகால நோய்களுக்கு, குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து சந்தா கட்டியவராக இருந்தால், இரண்டு வருடம் வரை 80 சதவீதச் சம்பளம்.

அந்த செக்கிங் பெண் திருப்பூருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறதாம். முதல் நாளிலிருந்தே அவர் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் மாதம் 12,000-க்கு 9,600 ரூபாய் வீட்டுக்கு வந்திருக்கும். குமட்டினால் படுத்திருப்பார். மாத்திரை முடிந்திருக்கும். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியே பார்த்திருக்கும். அவர்களால் முடியாமல் வெளியே அனுப்பியிருந்தால், அந்த ஆஸ்பத்திரிக்கு அவர்களே பணம் கட்டியிருப்பார்கள். நம்ம டாக்டரின் நோட்டில் மூன்று வரி குறைந்திருக்கும்.

அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கான்ட்ராக்டர் மூலம் வந்த ஆள். இந்த சீசனுக்கு ஒரு கம்பெனி, அடுத்த சீசனுக்கு இன்னொன்று. நடுவில் வீட்டோடு ஒட்டிய பவர்டேபிள் யூனிட்டில் எட்டுப் பேரில் ஒருவர். பத்துப் பேருக்குக் குறைந்தால் ஈ.எஸ்.ஐ. வளையத்துக்குள் வராது. கான்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் சந்தாவுக்குப் பொறுப்பு பிரதான முதலாளிதான் என்பது பழைய சட்ட விதி. விதியைப் படிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

திருப்பூரில் இதைப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். “லேபரே வேண்டாங்கறாங்க சார். பிடிக்காதீங்க, கையில குடுங்கன்னு அவங்கதான் கேக்கறாங்க.”

பொய் இல்லை. கேட்கத்தான் செய்கிறார்கள். ஏன் என்று யோசித்தோமா? ஈ.எஸ்.ஐ. தமிழ்நாட்டில் முதலில் வந்தது பக்கத்து ஊரான கோயம்புத்தூரில், 1955-ல். திருப்பூருக்கென்று ஒரு நூறு படுக்கை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். திறந்தது 2024 பிப்ரவரியில். நடுவில் எத்தனை வருடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் பெரிய வைத்தியம் என்றால் பஸ் பிடித்து சிங்காநல்லூர் போக வேண்டும். டிஸ்பென்சரி திறந்திருக்கிற நேரத்தில் அவர்கள் மிஷினில் இருக்கிறார்கள். அவர்கள் மிஷினை விட்டு எழும்போது டிஸ்பென்சரி பூட்டியிருக்கும். கிடைக்காத வைத்தியத்துக்கு எதற்குப் பணம் என்று ஒருவர் கேட்டால் அவரை விவரம் இல்லாதவர் என்பதா, விவரமானவர் என்பதா?

இதில் 2025 வேறு வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் குறைந்தால் ஷிஃப்ட் குறையும். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலச் சம்பளம் கேட்க, ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை நாள் குறைந்தால் அந்த உரிமையும் கழன்றுவிடும். சாப்பாடு குறைந்து நோய் வரத் தோதான நேரம் பார்த்து, நோய்க்கான பாதுகாப்பும் போகிறது. வாஷிங்டனில் போட்ட கையெழுத்து லைன் வீட்டில் இருமலாகக் கேட்கிறது.

*

சரி, ஈ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். புருஷன் டெய்லர், பெண்டாட்டி செக்கிங் என்றால் நேர்மையாகக் கணக்குச் சொன்னால் அந்தக் குடும்பம் ‘வசதியானது’. காப்பீட்டுக்கு வசதி அதிகம். ஈ.எஸ்.ஐ.க்கோ ஆளே கணக்கில் இல்லை. நடுவில் இருக்கிற பள்ளத்தில் விழுந்தவர்கள்தான் நம்ம டாக்டரின் நோட்டில் இருக்கிறார்கள். வருமானச் சான்றிதழில் மட்டும் சம்பளம் எப்படியோ குறைந்துகொள்கிறது என்பது வேறு கதை.

பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் என்றால் பள்ளம் இன்னும் ஆழம். வெளிமாநிலத்தவரும் சேரலாம், ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசித்ததாகச் சான்று வேண்டும் என்கிறது விதி. லைன் வீட்டில் ஒப்பந்தமும் ரசீதும் இல்லாமல் குடியிருக்கிறவர் எங்கே போய் அந்தச் சான்றை வாங்குவார்?

இது அரசு ஆஸ்பத்திரியின் கல்லாவையும் தொடுகிறது. காப்பீட்டு அட்டை உள்ள நோயாளிக்கு வைத்தியம் பார்த்தால் அரசு ஆஸ்பத்திரிக்கும் கிளைம் பணம் வருகிறது. கருவி வாங்க, வார்டைச் சீராக்க, ஊழியருக்கு ஊக்கத்தொகை கொடுக்க அந்தப் பணம் உதவுகிறது. அட்டை இல்லாதவருக்கும் அதே ஆஸ்பத்திரி அதே வைத்தியம்தான் பார்க்கிறது. பணம் மட்டும் வராது. யாருமில்லாதவர்களை அதிகமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு வரவு குறைவு. வரவு குறைந்த ஆஸ்பத்திரியைக் காட்டி, “கவர்மென்ட் ஆஸ்பத்திரி லட்சணம் பார்” என்று நாமே மூக்கைப் பொத்திக்கொள்வோம்.

இந்தத் தவறைப் பெரிய அளவில் செய்தது அமெரிக்கா. டிஸ்சார்ஜ் ஆன நோயாளி 30 நாளுக்குள் திரும்ப வந்து படுத்தால் அது ஆஸ்பத்திரியின் குற்றம் என்று 2012 அக்டோபரிலிருந்து அபராதம் போட்டார்கள். முதியோருக்கான அரசுக் காப்பீட்டுப் பணத்தில் வெட்டு. யார் மாட்டினார்கள் தெரியுமா? ஏழைகளை அதிகம் பார்க்கிற ஆஸ்பத்திரிகள். வீடும் சாப்பாடும் துணையும் இல்லாத நோயாளி திரும்பத்தானே வருவார்? ஏழையைப் பார்த்ததற்கு அபராதம் கட்டியது போல ஆயிற்று. கடைசியில் சட்டத்தைத் திருத்தி, 2018 அக்டோபரிலிருந்து ஏழை நோயாளிகள் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ள ஆஸ்பத்திரிகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏழ்மைக்கும் ஒரு பத்தி உண்டு என்று அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

*

அப்படியென்றால் என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் கேட்கவில்லை.

முதலில் டாக்டர்கள். 1700-ல் இத்தாலியில் ராமஸ்ஸினி என்ற மருத்துவர், தொழிலால் வரும் நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். முந்நூறு வருடம் ஓடிவிட்டது. நாம் ‘கூலி’ என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். பல்லடம், உடுமலைப் பக்கம் நூற்பாலை ஆள் ஒருவர் மூச்சு முட்டுகிறது என்று வந்தால், லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாளில் அதிகமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்றால் அது பஞ்சுத் தூசி நோயாக இருக்கலாம். இழப்பீடு தர வேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் அதற்கு இடம் உண்டு. நீங்கள் ‘வீசிங்’ என்று எழுதி அனுப்பினால் அது அவரது தலையெழுத்து. பஞ்சுத் தூசி என்று எழுதினால் அது அவரது உரிமை.

அடுத்து அரசு. ஆண்டு 1,20,000 என்ற வரம்பு திருப்பூர் மாதிரி ஊருக்குப் பொருந்தாது. ஈ.எஸ்.ஐ. பதிவு இல்லாத தொழிலாளி அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தால், அவர் எங்கே வேலை செய்கிறார் என்று குறித்து ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வசூலிக்க வேண்டியவரிடம் வசூலிக்கட்டும். டிஸ்பென்சரியை ராத்திரி பத்து மணி வரை திறந்து வையுங்கள். ஊர் எப்போது விழித்திருக்கிறதோ அப்போதுதானே வைத்தியமும் விழித்திருக்க வேண்டும்?

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் ஈ.எஸ்.ஐ. கடைசி அம்சமாக இருக்கக்கூடாது.

முதலாளிகளே, பையர் விலையைக் கசக்குகிறான் என்கிறீர்கள். தெரியும். சாயத் தண்ணீருக்கும் நீங்கள் இதையேதான் சொன்னீர்கள். கோர்ட் ‘முடியாது’ என்றதும் முடிந்தது. ஆளுக்கு 390 ரூபாயால் இந்த ஊர் திவாலாகிவிடும் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் எனக்கும் இதில் என்ன என்று கேட்டால், அடுத்த தடவை ஆஸ்பத்திரி பில் வரும்போது உற்றுப் பாருங்கள். யாரோ எழுதாமல் விட்ட 390 ரூபாய்களில் சில்லறை அதில் இருக்கும். நீங்கள் போட்டிருக்கிற பனியனின் விலை ஏன் மலிவு என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

கிளம்பும்போது டாக்டரிடம் ஒரு யோசனை சொன்னேன். “பாக்கி நோட்டுல நோயாளி பேருக்குப் பக்கத்துல கம்பெனி பேரையும் எழுதுங்க. ஒரு வருஷம் கழிச்சுப் புரட்டினா உண்மையான கடன்காரர் யாருன்னு தெரிஞ்சுடும்.”

டாக்டர் சிரித்தார். நோட்டை மூடி மேஜை டிராயருக்குள் வைத்தார்.

“எழுதலாம் சார். ஆனா அந்த ஓனர்ங்க வீட்டுக்கெல்லாமும் நான்தானே டாக்டர்!”